வெள்ளிக்கிழமை சொத்து, திங்கட்கிழமை சொத்து

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில், முன்னாள் குழு ஊக்குநரும் இன்றைய பயிற்றுநருமான நம் சகோதரி ஒருவர் பேசிய பேச்சு. கூட்டத்துக்கு வரமுடியாத உறுப்பினர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுத்தாகத் தருகிறோம். குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்கலாம்.)



சேமிப்பைப் பற்றியும் வங்கிக் கடனைப் பற்றியும் பேசச் சொல்லித்தான் என்னை மேடை ஏற்றியிருக்காங்க. அதெல்லாம் உங்களுக்கே நல்லாத் தெரியும். சந்தா எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவீங்க. அதனால் இன்றைக்கு வேறு ஒரு கதை சொல்லப் போறேன். ஒரு சின்னத் தீவின் கதை. கதை என்றாலும் கற்பனை இல்லை. நான் கண்ணால் பார்த்துவிட்டு வந்தது.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. நீங்க குடியிருக்கிற வீடு யார் பேரில் இருக்கு? கையைத் தூக்க வேண்டாம். மனசுக்குள்ளே பதில் சொல்லிக்கிட்டா போதும். கடைசியில் மறுபடியும் இதே கேள்வியைக் கேட்பேன்.

கடல் நடுவில் ஒரு ஊர்

என் அக்கா கணவருக்கு மத்திய அரசு வேலை. லட்சத்தீவில் கல்பேனி என்கிற தீவில் இரண்டு வருஷம் இருந்தார். அக்காவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் கூடமாட ஒத்தாசைக்கு நான் போனேன். நினைத்தவுடன் அங்கே போய்விட முடியாது. வெளியாட்கள் என்றால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அது கையில் கிடைத்த பிறகு கொச்சியில் கப்பல் ஏறினோம். ஒரு ராத்திரி முழுக்கக் கடல். எனக்கு ஒரே வாந்தி. விடிந்த பிறகு பார்த்தால் தண்ணீருக்கு நடுவில் ஒரு பச்சைக் கோடு. அதுதான் ஊர்!

தீவைச் சுற்றிப் பவழப் பாறை இருப்பதால் பெரிய கப்பல் கரைக்கு வராது. வெளியே கடலிலேயே நின்றுவிடும். அதிலிருந்து சின்னப் படகில் இறங்க வேண்டும். படகு மேலே வரும், கீழே போகும். அது மேலே வருகிற நேரம் பார்த்துக் காலை வைக்கணும். நான் பயந்து நின்றபோது, கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் என் கையைப் பிடித்து, "வா, ஒன்றும் ஆகாது" என்று இறக்கிவிட்டாள். அவளுக்கு அது நாம் பஸ்ஸில் இருந்து இறங்குகிற மாதிரி.

ஊர் எவ்வளவு பெரிசு தெரியுமா? மூன்று சதுர கிலோமீட்டர் கூட இல்லை. 2011 கணக்கெடுப்பில் 4,400 பேர் சொச்சம். எங்கே நின்றாலும் கொஞ்ச தூரத்தில் கடல். தென்னையைத் தவிர வேறு பெரிய விவசாயம் இல்லை. அரிசி, பருப்பு, காய்கறி எல்லாம் கப்பலில்தான் வரணும். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் வராது. அப்போது தேங்காய், மீன், வீட்டில் சேர்த்து வைத்த அரிசி, இவ்வளவுதான்.

கிணறு உண்டு. ஆனால் மணலுக்குக் கீழே நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேலே மெல்லிசாக மிதந்துகொண்டு நிற்கும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் உப்பு ஏறிவிடும். தலைநகரான கவரத்தித் தீவில் 2005இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தை அமைத்தாங்க. அதை அமைத்துக் கொடுத்தது நம் சென்னையில் இருக்கிற தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். பின்னால் மற்ற தீவுகளுக்கும் அது வந்தது.

தீவின் கிழக்கு, தென்கிழக்குக் கரையில் உடைந்த பவழக் கல் மலைமலையாகக் கிடக்கிறது. 1847ஆம் ஆண்டு ஏப்ரலில் வந்த பெரும் புயலில் கடல் கொண்டுவந்து கொட்டியதாம். அந்தப் புயலில் ஊரே அழிந்தது. நிறைய பேர் செத்தாங்க. மிச்சம் இருந்தவர்கள் மறுபடி தென்னை நட்டு ஊரை உண்டாக்கினாங்க. சுனாமியைப் பார்த்த நமக்கு அந்தக் கஷ்டத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நமக்கும் அந்தத் தீவுக்கும் ஒரு பழைய சம்பந்தம் இருக்கு. லட்சத்தீவு முன்னே சென்னை மாகாணத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி அது தனியாகப் பிரிந்து மத்திய அரசின் கீழே போனது. அதே நாளில்தான் நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டு வந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஒரே நாளில் அவங்க வெளியே போனாங்க, நாம உள்ளே வந்தோம்.

"உன் வீடு எங்கே?"

அக்கா குடியிருந்த குவார்ட்டர்ஸுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீடு. அங்கே எழுபது வயதுள்ள ஒரு உம்மா இருந்தாங்க. நான் எல்லை ஓரத்தில் பிறந்தவள், மலையாளம் கொஞ்சம் வரும். அவங்க பேசுவது வேறு மாதிரி மலையாளம். இருந்தாலும் இரண்டு நாளில் பழகிவிட்டது. சாயங்காலம் அவங்க திண்ணையில் போய் உட்காருவேன்.

ஒரு நாள் அவங்க, "உனக்கு வீடு எங்கே?" என்று கேட்டாங்க.

"என் வீட்டுக்காரர் வீடு இன்ன ஊரில் இருக்கு" என்றேன்.

"அது அவன் வீடு. உன் வீடு எங்கே?"

"எங்க அம்மா வீடு இன்ன ஊரில். இப்போ அண்ணன் இருக்கார்."

"அது உன் அண்ணன் வீடு. உன் வீடு எங்கே?"

எனக்குப் பதில் வரவில்லை. அவங்க என்னைக் கேலி பண்ணிக் கேட்கவில்லை. கல்யாணமாகி, பேரப்பிள்ளை எடுக்கிற வயசு வந்த ஒரு பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை என்பது அவங்களுக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

அந்தத் தீவுகளில் காலங்காலமாகத் தாய்வழி. ஒரு பெண், அவள் பிள்ளைகள், அவள் மகள்களின் பிள்ளைகள் என்று தாய்வழியில் வருகிறவர்கள் சேர்ந்தது ஒரு குடும்பம். அதைத் தறவாடு என்று சொல்றாங்க. பிறக்கிற பிள்ளைக்கு அம்மாவின் தறவாட்டுப் பேர்தான். கல்யாணம் ஆனாலும் பெண் வீட்டை விட்டுப் போக மாட்டாள். பழைய வழக்கப்படி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். விடிந்ததும் அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். அவர் உழைப்பு அவர் தாய்வீட்டுத் தறவாட்டுக்கு. பெண்டாட்டி பிள்ளைகளுக்குத் துணிமணி, அது இது என்று கொடுப்பார். இப்போது நிறைய பேர் புருஷன் பெண்டாட்டி சேர்ந்தே இருக்காங்க. ஆனால் அப்போதும் பெரும்பாலும் பெண் வீட்டுப் பக்கம்தான்.

இதில் நீங்க ஒன்றைக் கவனிக்கணும். இந்த மக்கள் எல்லாரும் இஸ்லாமியர்கள். ஐந்து நேரத் தொழுகை, நோன்பு எல்லாம் முறையாக உண்டு. மதமும் இருக்கிறது, தாய்வழி வழக்கமும் இருக்கிறது. கல்பேனியில் இது எப்படி நடக்கிறது என்று லீலா துபே என்கிற அம்மையார் ஆராய்ந்து 1969இல் ஒரு புத்தகமே எழுதியிருக்காங்க.

இரண்டு கிழமை, இரண்டு சொத்து

இரண்டும் எப்படி ஒத்துப்போகுது என்று உம்மாவிடம் கேட்டேன். அவங்க சொன்னதுதான் இந்தப் பேச்சின் தலைப்பு.

தீவில் சொத்து இரண்டு வகை. ஒன்று வெள்ளியாழ்ச்ச சொத்து. வெள்ளிக்கிழமை சொத்து என்று அர்த்தம். மற்றது திங்களாழ்ச்ச சொத்து, அதாவது திங்கட்கிழமை சொத்து.

வெள்ளிக்கிழமை சொத்து பரம்பரைச் சொத்து. தறவாட்டு வீடு, மனை, தென்னை மரம் எல்லாம் அதில் வரும். அது தாய்வழியில் இறங்கும். அம்மாவிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு. ஆண்பிள்ளைக்கும் அதில் அனுபவிக்கிற உரிமை உண்டு. அவன் இருக்கிற வரை தேங்காய் பறிக்கலாம், சாப்பிடலாம். ஆனால் அவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கு அது போகாது. அவர்களுக்கு அவர்கள் தாய்வீட்டில் உண்டு. இந்தச் சொத்தைத் தனி ஆள் விற்க முடியாது. குடும்பத்தில் விவரம் தெரிந்த எல்லாரும் சம்மதிக்கணும்.

திங்கட்கிழமை சொத்து ஒருவர் தன் உழைப்பில் சம்பாதித்தது. அதை அவர் இஷ்டப்படி செய்யலாம். அவருக்குப் பிறகு அது இஸ்லாமியச் சட்டப்படி மனைவி, மகன், மகள் என்று பங்காகும்.

யோசித்துப் பாருங்க. ஆளுக்கு ஆள் உழைத்துச் சம்பாதிப்பதைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் கூரையும் அடுப்பும் இருக்கிற இடத்தில் கை வைக்கக்கூடாது. அது பெண்ணோடும் பிள்ளைகளோடும் நிற்கணும். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாவிட்டாலும், மனஸ்தாபத்தில் பிரிந்து போனாலும், பெண்ணும் பிள்ளைகளும் தெருவில் நிற்க மாட்டாங்க. ஏனென்றால் அவர்கள் முதலிலிருந்தே அவர்கள் வீட்டில்தான் இருக்காங்க.

அந்தப் பெண்கள் சும்மா உட்கார்ந்து அனுபவித்தவர்கள் என்று நினைக்காதீங்க. தேங்காய் மட்டையைக் கரையோரத்துக் குழியில் உப்புத் தண்ணீரில் மாதக்கணக்காக ஊறப்போட்டு, எடுத்து அடித்து, கையால் கயிறு திரித்தது அவங்கதான். கண்ணூர் அரக்கல் அரச குடும்பம் அந்தத் தீவை ஆண்ட காலத்தில், கயிற்றை அரண்மனைக்குத்தான் கொடுக்கணும், அதற்கு அரிசி வாங்கிக்கணும். விலை வைப்பது அவங்க. பிறகு வெள்ளைக்காரன் வந்தும் அதே ஏற்பாடுதான். நம்மைப் போலத்தான், பொருள் நம்முடையது, விலை மற்றவங்களுடையது. அந்தக் கையால் திரித்த கயிறுதான் பல தலைமுறைக்கு அந்தத் தீவுக்குச் சோறு போட்டது.

எல்லாம் சொர்க்கமா?

நம்ம ஆளுங்க ஒருவர் ஏற்கெனவே கேட்டாச்சு, "அப்போ அங்கே பொம்பளை ராஜ்ஜியமா அக்கா?" என்று. இல்லைங்க. உள்ளதைச் சொல்லணும்.

வீடு பெண்வழியில் வந்தாலும், தறவாட்டை நிர்வாகம் பண்ணுவது பெரும்பாலும் மூத்த ஆண். அவரைக் காரணவர் என்பாங்க. அண்ணனோ தாய்மாமனோ இருப்பார். வரவு செலவு அவர் கையில். நல்ல காரணவர் அமைந்தால் பிழைத்தோம். நம்ம ஊரில் சில அக்காமார் பேரில் வங்கிக் கணக்கு இருக்கும், ஏடிஎம் கார்டு அண்ணன் சட்டைப் பையில் இருக்கும் இல்லையா? அது மாதிரி. பேரும் நமக்கு இருக்கணும், சாவியும் நம்மகிட்ட இருக்கணும்.

இன்னொன்று. தாய்வழி என்று பேர் இருந்தாலே பெண்ணுக்கு நன்மை வந்துவிடாது. அதற்கு நம் நாஞ்சில் நாடே சாட்சி. நம் வயதான தாய்மாருக்குத் தெரியும், இங்கேயும் ஒரு காலத்தில் மருமக்கள் வழி இருந்தது. ஒரு மனுஷன் செத்தால் சொத்து அவன் சகோதரி மகனுக்கு. ஆனால் இங்கே பெண் கல்யாணமாகிப் புருஷன் வீட்டுக்குப் போய் இருந்தாள். அவன் கண்ணை மூடியதும் மருமகன் வந்து பூட்டைப் போட்டால், பெண்டாட்டியும் பிள்ளைகளும் வெளியே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்தக் கொடுமையைத்தான் 'மருமக்கள்வழி மான்மியம்' என்று கேலியும் கண்ணீருமாகப் பாடினார். கடைசியில் 1926இல் திருவிதாங்கூரில் நாஞ்சில் நாட்டு வேளாளருக்கென்று தனிச் சட்டம் வந்துதான் வழக்கம் மாறியது.

இரண்டு இடத்திலும் தாய்வழிதான். தீவில் பெண் பிழைத்தாள், இங்கே பெண் அழுதாள். ஏன்? தீவில் அவள் தன் உரிமை இருக்கிற வீட்டிலேயே படுத்து எழுந்தாள். இங்கே அவள் உரிமை ஒரு வீட்டில் இருந்தது, அவள் வேறு வீட்டில் இருந்தாள். உரிமையும் கூரையும் ஒரே இடத்தில் இருக்கணும் சகோதரிகளே. அதுதான் நான் அந்தத் தீவில் கற்றுக்கொண்டது.

இப்போது தீவிலும் மாறிக்கொண்டு வருகிறது. பெரிய தறவாடுகளைப் பாகம் பிரித்து, தனித்தனி வீடாகக் கட்டிக்கிறாங்க. அரசு வேலை, கப்பல் வேலை என்று சம்பளம் வருகிறது. சம்பளம் எல்லாம் திங்கட்கிழமைக் கணக்கு. அதனால் திங்கட்கிழமை சொத்து பெருகுது, வெள்ளிக்கிழமை சொத்து சுருங்குது. எது எந்தக் கிழமைச் சொத்து என்று கோர்ட்டுக்குப் போகிற குடும்பங்களும் உண்டு.

வெளியாட்கள் அங்கே நிலம் வாங்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு இருக்கு. அப்படியும் 2021இல், வளர்ச்சித் திட்டத்துக்கு நிலத்தை எடுக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் கொடுக்கிற மாதிரி ஒரு வரைவுச் சட்டம் வந்தபோது ஊரே பதறியது. அது கொரோனா காலம், கூட்டம் கூட முடியாது. ஜூன் 7ஆம் தேதி தீவு மக்கள் அவரவர் வீட்டு வாசலிலேயே அட்டையைப் பிடித்துக்கொண்டு உண்ணாவிரதம் இருந்தாங்க. மூன்று சதுர கிலோமீட்டர் ஊரில் ஒரு துண்டு மண் போனால் அதற்கு ஈடாக வேறு மண் கிடையாது. சுற்றிலும் கடல்தானே.

எங்க அம்மாவின் அம்மி

உம்மா கேட்ட கேள்விக்கு எனக்கு ஏன் பதில் வரவில்லை என்று சொல்கிறேன்.

எங்க அப்பா இறந்தபோது நான் ஐந்தாம் வகுப்பு. நாங்கள் இருந்த வீடு தாத்தா கட்டியது. தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பதினாறாம் நாள் சடங்கு முடிந்ததும் சித்தப்பாமார் ஒரு பேப்பரைக் கொண்டு வந்தாங்க. "மைனி, சும்மா ஒரு கையெழுத்து, வீட்டுத் தீர்வை மாத்துறதுக்கு" என்று சொன்னாங்க. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. கட்டை விரலில் மையைத் தடவி அவங்களே பிடித்து வைத்தாங்க. ஒரு வருஷம் போகவில்லை. தம்பிக்குக் கல்யாணம், இடம் போதாது, நீ உன் அண்ணன் வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டாங்க.

அம்மா சண்டை போடவில்லை. ஒரு தகரப் பெட்டி, மூன்று பிள்ளைகள். கூடவே, கல்யாணத்துக்குச் சீராக வந்த அம்மியையும் குழவியையும் மாட்டு வண்டியில் ஏற்றினாங்க. மாமா, "இதெதுக்கு இந்தக் கனத்தை?" என்று சத்தம் போட்டார். அம்மா சொன்னாங்க, "இது ஒண்ணுதான் என்னுது."

பல வருஷம் கழித்து, இந்தக் குழுவில் சேர்ந்து, சட்டப் பயிற்சிக்குப் போன இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. தாத்தா சொத்தில் அப்பாவுக்குப் பங்கு உண்டு. அப்பாவின் பங்கில் அம்மாவுக்கும் எங்கள் மூன்று பேருக்கும் உரிமை உண்டு. 1956ஆம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டமே அதைச் சொல்லியிருக்கு. அப்பா இறந்தபோது அந்தச் சட்டம் இருந்தது. எங்களுக்கு அது இருப்பது தெரியாது. நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா ரொம்ப நேரம் பேசவே இல்லை. பிறகு, "அந்த மை ரெண்டு நாளு போகல மக்கா" என்று மட்டும் சொன்னாங்க.

அம்மா இப்போது இல்லை. அம்மி என்னிடம் இருக்கிறது.

நம்மகிட்ட திங்கட்கிழமை இருக்கு, வெள்ளிக்கிழமை எங்கே?

நாம் குழு ஆரம்பித்து எத்தனை வருஷம் ஆச்சு! வாரா வாரம் சேமிக்கிறோம். கடன் வாங்குகிறோம். ஆடு, மாடு, கடை, தையல் மெஷின் என்று சம்பாதிக்கிறோம். தீவுக் கணக்கில் சொன்னால் இதெல்லாம் திங்கட்கிழமை சொத்து. அதில் நாம் கெட்டிக்காரிகள்தான்.

ஆனால் அந்தக் கடனை வாங்கி நாம் என்ன செய்தோம்? பாதிப் பேர் வீட்டைத்தான் ஒக்கிட்டோம். ஓடு மாற்றினோம், தளம் போட்டோம், கக்கூஸ் கட்டினோம். அந்த வீடு யார் பேரில் இருக்கு? மாமனார் பேரில், புருஷன் பேரில், கொழுந்தனோடு கூட்டாக. நம் திங்கட்கிழமைப் பணத்தை அடுத்தவர் வெள்ளிக்கிழமை சொத்தில் கொண்டுபோய்க் கொட்டியிருக்கோம். கடன் நோட்டில் நம் கையெழுத்து, பத்திரத்தில் நம் பேர் இல்லை.

நான் புருஷன்மாரோடு சண்டை போடச் சொல்லவில்லை. நல்ல மனுஷர்கள் நிறைய பேர் இருக்காங்க. எங்க அப்பாவும் நல்லவர்தான். ஆனால் நல்லவர் போன பிறகு வந்தவங்கதானே பேப்பரை நீட்டினாங்க!

அதனால் வீட்டுக்குப் போனதும் செய்யவேண்டியது சிலது சொல்கிறேன்.

ஒன்று, வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்க. பத்திரம் யார் பேரில், பட்டா யார் பேரில் என்று தெரிஞ்சுக்கோங்க. தீர்வை ரசீது நம் பேரில் இருந்தால் மட்டும் வீடு நம்முடையது ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கலாம். எல்லாத்துக்கும் ஒரு நகல் எடுத்து உங்க பெட்டியில் வையுங்க.

இரண்டு, படிக்காத பேப்பரில் கையெழுத்து வேண்டாம். முக்கியமாக விடுதலைப் பத்திரம். அண்ணன் ஒரு பட்டுச்சேலையும் ஒரு பவுனும் கொடுத்து, "சும்மா ஒரு கையெழுத்து" என்று கூப்பிடுவார். பிறந்த வீட்டு உறவு முக்கியம்தான். பங்கை விட்டுக்கொடுப்பதும் உங்க இஷ்டம். ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம், அதன் மதிப்பு என்ன என்று தெரிந்து விட்டுக்கொடுங்க. யாராவது அவசரப்படுத்தினால், "எங்க குழுவில் படிச்சுக் காட்டிட்டு வாறேன்" என்று சொல்லுங்க. அந்த ஒரு வார்த்தைக்கு நிறைய பேர் பேப்பரை மடித்துக்கொண்டு போய்விடுவாங்க.

மூன்று, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989லேயே இதற்குச் சட்டம் வந்தது. அப்போது கல்யாணம் ஆகியிருந்தவர்களுக்கு அதில் பங்கு இல்லாமல் இருந்தது. 2005இல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டுக் கல்யாணமான மகளுக்கும் உரிமை வந்தது. 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்கணும் என்று கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. முன்னமே முறைப்படி பாகம் பிரித்துப் பதிவு செய்த சொத்து என்றால் அது வேறு. இது இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவ, இஸ்லாமியச் சகோதரிகளுக்கு அவரவர் சட்டத்தில் பங்கு உண்டு, கேட்டுத் தெரிஞ்சுக்கணும்.

நான்கு, புதிதாக மனை வாங்கினால், வீடு கட்டினால், நம் பேரும் அதில் வரணும். குறைந்தது கூட்டாகவாவது வரணும். 2025 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வீட்டுக்காரரிடம் பேசும்போது, "உரிமைக்காக" என்று ஆரம்பிப்பதைவிட, "செலவு குறையும்" என்று ஆரம்பித்தால் காரியம் சீக்கிரம் நடக்கும். (சிரிப்பு)

ஐந்து, பிரச்சினை வந்துவிட்டால் காசு இல்லையே என்று ஒதுங்க வேண்டாம். கோர்ட் வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பாங்க.

கடைசியாக

கல்பேனியிலிருந்து திரும்புகிற அன்று உம்மாவிடம் சொல்லிவிட்டு வரப் போனேன். திண்ணையில் அவங்க மகள், மகள் வயிற்றுப் பேத்தி, பேத்தியின் கைக்குழந்தை எல்லாரும் இருந்தாங்க. நாலு தலைமுறை, ஒரே வாசல். உம்மா எனக்கு ஒரு பை நிறைய தேங்காய் கொடுத்தாங்க. "வீடு கட்டினா சொல்லு" என்றாங்க.

ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆச்சு எனக்கு. குழுக் கடன், என் சேமிப்பு, வீட்டுக்காரர் சம்பாத்தியம் எல்லாம் சேர்த்து மூன்று சென்ட் வாங்கி ஒரு சின்ன வீடு கட்டினோம். பத்திரத்தில் இரண்டு பேர் பேரும் இருக்கு. என் பேர் முதலில் இருக்கு. அதை எழுதும்போது பத்திர எழுத்தர், "ஏம்மா, அண்ணன் பேரை முதலில் போடலாமே?" என்றார். என் வீட்டுக்காரரே, "எழுதுங்க சார், அவதான் சீட்டு கட்டினா" என்று சொல்லிவிட்டார்.

பால் காய்ச்சின அன்றைக்கு முதலில் உள்ளே கொண்டுபோய் வைத்தது அந்த அம்மியைத்தான். மிக்சி இருக்கிற வீட்டில் அம்மி எதற்கு என்று என் மகள் கேட்டாள். அவளை உட்காரவைத்து எல்லாக் கதையும் சொன்னேன். உங்க வீட்டிலும் மகள் இருந்தால் சொல்லுங்க. நகை எவ்வளவு போடுவோம் என்று கணக்குப் பார்க்கிறோமே, அதோடு அவளுக்கு எங்கே ஒரு கூரை இருக்கும் என்றும் கணக்குப் பாருங்க.

நான் முதலில் கேட்ட கேள்வியை மறுபடியும் கேட்கிறேன். நீங்க குடியிருக்கிற வீடு யார் பேரில் இருக்கு?

இன்றைக்குப் பதில் தெரியாவிட்டால் பரவாயில்லை. அடுத்த மாதக் குழுக் கூட்டத்துக்கு வரும்போது தெரிந்துகொண்டு வாங்க. தீர்மான நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு உறுப்பினர் பேருக்கு நேரே எழுதுங்க: பத்திரம் யார் பேரில், பட்டா யார் பேரில், நகல் கையில் இருக்கா இல்லையா. சேமிப்புக்குக் கணக்கு வைத்திருக்கிற நாம் கூரைக்கும் ஒரு கணக்கு வைப்போம்.



குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

1. நம் குழுவில் எத்தனை பேர் வீட்டுப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

2. குழுக் கடனில் வீட்டு வேலை செய்தவர்கள் எத்தனை பேர்? அந்த வீட்டில் அவர்கள் பேர் இருக்கிறதா?

3. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட உறுப்பினர் யாராவது இருந்தால், போடும்போது அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியுமா?